தரையில் உட்கார்ந்திருக்கும் குஞ்சு

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுக் கொல்லை மொத்தமே பத்தடிக்கு எட்டடிதான். துவைக்கிற கல், தண்ணீர்த் தொட்டி, மதிலோரம் ஒரு செம்பருத்தி. அந்தச் செம்பருத்தியில், என் மார்பளவு உயரத்தில், இந்தப் பங்குனியில் ஒரு சோடிக் கொண்டைக்குருவிகள் கூடு கட்டின. சின்னான் என்றும் சொல்வார்கள். தலை கறுத்து, வாலடி மட்டும் இரத்தச் சிவப்பாக இருக்கும் பறவை. காய்ந்த வேரும் மெல்லிய குச்சியும் சேர்த்துக் கிண்ணம்போல் முடைந்த கூட்டில், காசிமேட்டுப் பக்கமிருந்து வந்திருக்கக்கூடிய நீல வலைநூல் ஒன்றும் சுற்றியிருந்தது.

இதே செடியில் சென்ற ஆண்டும் கூடு இருந்தது. அப்போது நான் செய்த பிழையை இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு மாலையில் துவைக்கிற கல்லருகே குஞ்சு ஒன்று உட்கார்ந்திருந்தது. கூட்டிலிருந்து விழுந்துவிட்டது என்று பதறி, அட்டைப் பெட்டியில் பஞ்சு விரித்து உள்ளே வைத்து, பாலில் நனைத்த சோற்றை ஊட்டினேன். இருட்டும்வரை இரண்டு பெரிய பறவைகளும் மதில்மேல் நின்று கத்திக்கொண்டே இருந்தன. அது பிள்ளையைத் தேடும் குரல் என்று எனக்கு உறைக்கவில்லை. மறுநாள் காலையில் குஞ்சு விறைத்துக் கிடந்தது. பறவைகளால் பாலைச் செரிக்க முடியாது என்பதைப் பிறகுதான் படித்தேன்.

அதனால் இந்த முறை துணிக்கொடியை மொட்டை மாடிக்கு மாற்றிவிட்டு, சமையலறைச் சன்னலிலிருந்து மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்தேன். செம்புள்ளிகள் தெளித்த மூன்று முட்டைகளில் இரண்டு, ஏறக்குறைய இரண்டு வாரத்தில் பொரிந்தன. பிறந்த அன்று இறகே இல்லை, கண்ணும் திறக்கவில்லை. வாய் மட்டுமே உடம்பு என்பதுபோல் இருந்தன. ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால், புழுவோடு வருவது தாயா தந்தையா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. ஆனால் இரண்டுமே ஊட்டின. ஊட்டி முடித்ததும் உடனே பறந்துவிடாமல், குஞ்சு பின்புறத்தைத் தூக்கும்வரை காத்திருந்து, வெள்ளைப் பொட்டலம்போல் வரும் எச்சத்தை அலகில் வாங்கி விழுங்கியதைப் பார்த்தபோது, அந்தக் கூடு ஏன் அவ்வளவு சுத்தமாக இருந்தது என்பது விளங்கியது.

பன்னிரண்டாம் நாள் இரண்டும் இறங்கிவிட்டன. பறந்து போயின என்று எழுத முடியாது. வால் இன்னும் ஒரு விரற்கடைகூட வளராத நிலையில், கிளைக்குக் கிளை தத்தி, ஒன்று செடியிலேயே நின்றுகொள்ள, மற்றொன்று தரைக்கே வந்துவிட்டது. சரியாகப் பறக்கத் தெரியும் முன்பே கூட்டை விட்டு இறங்குவதுதான் இவற்றின் இயல்பு. கூட்டிலேயே கிடந்தால், காக்கையோ செம்போத்தோ பார்த்துவிட்டால் எல்லாம் ஒரே வாயில் போய்விடும். வெவ்வேறு இடத்தில் பதுங்கிக்கொண்டால் ஒன்றாவது மிஞ்சும். இறங்கிய பிறகும் பல நாள்கள் பெற்றோர் தேடி வந்து ஊட்டுகின்றன.

ஆகவே இறகு முளைத்து, கண் திறந்து, தத்தித் திரியும் குஞ்சைத் தரையில் கண்டால், தயவுசெய்து வீட்டுக்குள் எடுத்துச் செல்லாதீர்கள். பூனை நடமாட்டம் இருந்தால், எங்கள் தெருவில் மீன் வாங்காத வீடே இல்லாததால் அதற்குக் குறைவில்லை, பக்கத்துச் செடியின் கிளையில் ஏற்றிவிட்டு விலகி நில்லுங்கள். இறகே முளைக்காத குஞ்சாக இருந்தால் மட்டும் மீண்டும் கூட்டில் வையுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்று நம் பாட்டிமார் காலத்திலிருந்து சொல்லிவருவது உண்மையல்ல. கூட்டைக் கலைப்பதோ வேறு பேச்சு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப் பறவையின் கூட்டையும் முட்டையையும் சிதைப்பதை வேட்டையாகவே கொள்கிறது.

அன்று எதிர்வீட்டுச் சிறுவன் தரையிலிருந்த குஞ்சைப் பார்த்துவிட்டு, "அங்கிள், அதுக்கு அடிபட்டிருச்சு, தண்ணி குடுக்கலாம்" என்று கையை நீட்டிக்கொண்டு ஓடினான். சென்ற ஆண்டு நான் ஓடியதும் அப்படித்தான். அவனைக் கதவுக்குப் பின்னால் என்னோடு நிறுத்திக்கொண்டேன். சிறிது நேரத்தில் மதிலிலிருந்து பெரிய பறவை ஒன்று இறங்கி வந்து, பச்சைப் புழுவை அதன் வாயில் வைத்தது. அவன் என் கையைப் பிடித்து அழுத்தினான். இருவரும் மூச்சுக்கூட விடவில்லை.