சிரிக்காமல் நின்றவர்களைப் பற்றி

பழைய பிரிட்டிஷ் டிவி காமெடிகளின் ‘ப்ளூப்பர்’ தொகுப்புகள் யூடியூபில் கொட்டிக் கிடக்கின்றன. ராத்திரி தூக்கம் பிடிக்காவிட்டால் என் கை தானாகப் போவது அங்கேதான். ஒன்றைப் பார்த்தால் அது ஒன்பதை இழுத்துவரும். வசனம் மறந்து விழிப்பவர், திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காத கதவு, பொங்கி வரும் சிரிப்பை அடக்கமாட்டாமல் கேமராவுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்பவர் என்று வரிசையாக வரும். விலா நோகச் சிரித்துவிட்டுப் படுத்துவிடலாம்.

ஆனால் இந்தத் தொகுப்புகள் மீது எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. காட்சியைத் தூக்கிப் போட்டுவிட்டு, அது கெட்டுப்போன நிமிடத்தை மட்டும் நம் கையில் கொடுக்கிறார்கள். யார் யாரிடம் என்ன சொல்ல வந்தார், எதற்காக அந்த இடத்தில் அவர் சிரிக்கக் கூடாது, எதுவும் தெரியாது. அவர் சிரிக்கிறார், நாமும் சிரிக்கிறோம், அவ்வளவுதான். அந்தச் சிரிப்புக்கு மதிப்பே அது வரக்கூடாத இடத்தில் வந்தது என்பதால்தான் என்பது என் கட்சி. அடக்குவதற்கு எவ்வளவு பாடுபட்டார்கள் என்று தெரியாதவனுக்கு அது மீறி வெடித்ததில் பாதி ருசிதான் கிடைக்கும்.

அந்தக் காலத்து பிபிசி காமெடி எடுக்கப்பட்ட விதத்தைக் கொஞ்சம் பார்த்தால் நான் சொல்வது புரியும். வாரம் முழுக்க ஒத்திகை. 70களில் இருந்து இதற்கென்றே லண்டன் நார்த் ஆக்டனில் ஒரு கட்டடம் இருந்தது. நடிகர்கள் அதைக் கிண்டலாக ‘ஆக்டன் ஹில்டன்’ என்பார்கள். தரையில் கலர் டேப்பை ஒட்டி, இது கதவு, இது மாடிப்படி என்று பாவித்துக்கொண்டு நடித்துப் பார்க்க வேண்டியது. பிறகு ஸ்டுடியோ நாள். பகலில் கேமராவோடு ஒத்திகை, ராத்திரி சில நூறு பேர் முன்னால் பதிவு. பத்து மணியைத் தாண்டினால் ஓவர்டைம் கணக்கு என்பதால், மணி ஏற ஏற எல்லோர் வயிற்றிலும் புளி கரையும்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. ஒரு ஜோக்கை முதல் தடவை கேட்கும்போது கூட்டம் சிரிக்கிற சிரிப்பு வேறு. நடிகர் நடுவில் சிரித்துக் கெடுத்துவிட்டால் கூட்டம் இன்னும் பலமாகச் சிரிக்கும், ஆனால் அந்த டேக் ஒளிபரப்புக்கு ஆகாது. ஒளிபரப்புக்கு ஆகிற அடுத்த டேக்கில், ஜோக் ஏற்கெனவே தெரிந்துபோன கூட்டம் மரியாதைக்குச் சிரிக்கும். ஆக, இடையில் சிரித்துவிடுகிற நடிகர் எழுத்தாளரின் உழைப்பில் கை வைக்கிறார். நகைச்சுவை எழுத்தாளரும் நடிகையுமான விக்டோரியா வுட் 1998-இல் தொடங்கிய ‘டின்னர்லேடீஸ்’ தொடரின் ஒவ்வொரு எபிசோடையும் அடுத்தடுத்த இரண்டு இரவுகளில், இரண்டு வேறு கூட்டங்களின் முன்னால் பதிவு செய்தார். புத்திசாலி அம்மா.

சரி, எனக்கு மிகவும் பிடித்த உதாரணத்துக்கு வருகிறேன். அது ஒரு ப்ளூப்பரே இல்லை.

‘ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்சஸ்’ தொடரில் ‘எ டச் ஆஃப் கிளாஸ்’ என்று ஒரு எபிசோடு, 1982 டிசம்பரில் வந்தது. டெல் பாயும் தம்பி ராட்னியும் ஒரு பிரபுவின் மாளிகையில் சரவிளக்கைக் கழற்றித் துடைத்துத் தருவதாக வாய்ச்சவடால் அடித்து வேலையைப் பிடித்துவிடுகிறார்கள். இருவரும் ஏணிகளில் ஏறி, விளக்குக்கு அடியில் துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு, கழுத்து வலிக்க மேலே பார்த்தபடி நிற்கிறார்கள். மாடியில் தாத்தா தரைப்பலகையைப் பெயர்த்து போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். சுத்தியல் சத்தம் கேட்கிறது. இவர்கள் துணியை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறார்கள். அப்போது பின்னால், அதே கூடத்தின் அந்தப் பக்கம் தொங்கிக்கொண்டிருந்த இன்னொரு சரவிளக்கு தடாலென்று தரையில் விழுந்து நொறுங்குகிறது.

அதற்குப் பிறகு ஒன்றும் நடப்பதில்லை. அதுதான் காட்சி. இரண்டு பேரும் துணியைப் பிடித்தபடி அப்படியே நிற்கிறார்கள். டெல் பாயாக நடித்த டேவிட் ஜேசனின் முகத்தில் ஒரு கோடு அசையாது. ராட்னியாக நடித்த நிக்கலஸ் லிண்ட்ஹர்ஸ்ட் மெதுவாகத் திரும்பிப் பார்க்கிறார், அவ்வளவுதான்.

அந்த விளக்கை விழவைக்க ஒரே ஒரு வாய்ப்புதான் இருந்தது. ஆயிரக்கணக்கான பவுண்டு விலை, உடைந்தால் உடைந்ததுதான். நீ சிரித்துக் கெடுத்தாயோ வேலை போச்சு என்று இயக்குநர் ரே பட் மிரட்டி வைத்திருந்ததாக லிண்ட்ஹர்ஸ்ட் பின்னால் சொல்லியிருக்கிறார். காட்சி முடிகிற நேரத்தில் மிரட்டியவரே வாயில் கைக்குட்டையைத் திணித்துக்கொண்டு தவித்துக்கொண்டிருந்தாராம். இதன் மூலக்கதையும் நிஜம். எழுத்தாளர் ஜான் சல்லிவனின் அப்பா வேலை பார்த்த ஒரு மாளிகையில் இப்படித்தான் தப்பான விளக்கு கீழே வந்து, ஆட்களுக்கு வேலை போனது. மகன் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிக்க, அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டதாம். பாவம், வேலை போன மனிதருக்குக் கோபம் வராதா?

இந்தக் காட்சி வெளியிடத்தில் எடுத்தது, எதிரே ரசிகர்கள் கிடையாது. எடுத்த படத்தைப் பிறகு ஸ்டுடியோ கூட்டத்துக்குப் போட்டுக் காட்டிச் சிரிப்பைப் பதிவதுதான் அப்போதைய வழக்கம். படமெடுக்கும்போது விளக்கு நொறுங்கிய சத்தத்துக்குப் பிறகு அந்தக் கூடத்தில் எவ்வளவு அமைதி இருந்திருக்க வேண்டும்! அந்த அமைதியைக் காப்பாற்ற ஒரு குழுவே பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. நூறு ப்ளூப்பர் தொகுப்புகளை இதற்கு ஈடாக வைத்தாலும் நான் வாங்கமாட்டேன்.

அதே தொடரில் 1989-இல் வந்த, ஒயின் பாரில் டெல் பாய் விழுகிற காட்சி எல்லோருக்கும் தெரிந்தது. கவுன்ட்டரின் மடக்குப் பலகையைப் பணியாள் தூக்கிவிட்டுப் போனது தெரியாமல் சாய்ந்து, மரம் சாய்கிற மாதிரி பக்கவாட்டில் போவார். சாய்கிற மனிதனின் கை தன்னிச்சையாக எதையாவது பிடிக்கப் போகும், கண் தரையைத் தேடும். ஜேசன் இரண்டையும் செய்யவில்லை. எனக்கென்னவோ அதைவிட, பக்கத்தில் நிற்கும் நண்பன் ட்ரிகரைத்தான் பிடிக்கும். ட்ரிகராக நடித்த ரோஜர் லாய்ட் பேக் இந்தப் பக்கம் பார்ப்பார், அந்தப் பக்கம் பார்ப்பார், கூட நின்றவன் எங்கே போனான் என்று புரியாது. அந்த முகத்தை வைத்துக்கொள்ள என்ன நெஞ்சழுத்தம் வேண்டும்!

இதற்கு நேர் எதிரான கேஸும் உண்டு, அதை மறைத்தால் நான் நேர்மையானவன் இல்லை. 60களில் பிபிசியில் வந்த ‘நாட் ஒன்லி பட் ஆல்சோ’வில் பீட்டர் குக்கும் டட்லி மூரும் தொப்பியும் மழைக்கோட்டுமாக இரண்டு அரைகுறை அறிஞர்களாக உட்கார்ந்து பேசுவார்கள். ஓவியக் காட்சியகத்தில் உட்கார்ந்து பேசுகிற எபிசோடு தப்பிப் பிழைத்திருக்கிறது, தேடிப் பாருங்கள். நல்ல ஓவியம் என்றால் படத்தில் இருப்பவரின் கண் அறை முழுக்க நம்மைப் பின்தொடருமாம். முதுகைக் காட்டி நிற்பவர்களின் படம் என்றால் பின்தொடர்வது கண் இல்லை, பின்புறம் என்று குக் முகத்தை வெகு சீரியஸாக வைத்துக்கொண்டு சொல்லுவார். மூரின் வாயில் சாண்ட்விச். மெல்லவும் முடியாது, விழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது. குக்குக்கு அது நன்றாகவே தெரியும். தெரிந்துகொண்டேதான் அடுத்த வரியைப் போடுவார்.

அங்கே சிரித்துவிடுவதே நிகழ்ச்சி. ஜனங்கள் மூர் எப்போது உடைவார் என்று பார்க்கத்தான் காத்திருந்தார்கள். அப்படியென்றால் என் கட்சி தோற்றதா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஒருவர் பாறை மாதிரி உட்கார்ந்திருப்பதால்தான் மற்றவர் உடைவது வேடிக்கையாகிறது. இரண்டு பேரும் சேர்ந்து சிரித்திருந்தால் நமக்கு அங்கே என்ன வேலை?

இந்த நிகழ்ச்சியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். டேப் விலை அதிகம் என்று பிபிசி அதன் பெரும்பகுதியை அழித்து, அதே டேப்பில் வேறு எதையோ பதிந்துகொண்டது. புது டேப்புக்கு நாங்களே காசு தருகிறோம் என்று குக்கும் மூரும் கேட்டும் கொடுக்கவில்லை. இன்னொரு பக்கம் பாருங்கள், 70களின் கடைசியில் அதே பிபிசியின் டேப் பிரிவு இன்ஜினியர்கள் வீணாய்ப்போன துண்டுகளையெல்லாம் சேர்த்துக் கிறிஸ்துமஸ் விருந்துக்குத் தங்களுக்குள் போட்டுச் சிரிக்கத் தொகுப்புகள் செய்துகொண்டிருந்தார்கள். அவற்றில் சில இன்றும் இணையத்தில் ஓடுகின்றன. கலையை அழித்தார்கள், குப்பை பிழைத்துக்கொண்டது.

அந்தக் கிறிஸ்துமஸ் டேப் வழக்கம் தேம்ஸ் டிவியிலும் இருந்தது. குழந்தைகளுக்கான ‘ரெயின்போ’வில் இரட்டை அர்த்த வசனம் வரிக்கு வரி வருகிற ஒரு எபிசோடை, ‘அந்தக் காலத்தில் குழந்தைகளுக்கு என்ன காட்டியிருக்கிறார்கள் பாருங்கள்’ என்று மாதம் ஒருவராவது பகிர்கிறார்கள். அது ஒளிபரப்பானதே இல்லை ஐயா. 1979-இல் அந்தக் குழுவே ஊழியர்கள் பார்க்க வேண்டும் என்று வேண்டுமென்றே எடுத்தது. அப்புறம் பிபிசியின் குழந்தைகள் நிகழ்ச்சியான ‘ப்ளூ பீட்டர்’ யானைக்குட்டி. காமெடி நிகழ்ச்சி இல்லைதான், ஆனால் எல்லாத் தொகுப்பிலும் அது இருக்கும். 1969-இல் லுலு என்ற குட்டி ஸ்டுடியோ தரையில் மலஜலம் எல்லாம் கழித்துவிட்டு, பாகனை அதிலேயே இழுத்துக்கொண்டு போகும். நேரலை விபத்து என்றே பலரும் நம்புகிறார்கள். அது முன்கூட்டியே பதிவானது. வெட்டியிருக்கலாம். நிகழ்ச்சியின் ஆசிரியர் பிடி பாக்ஸ்டர் வேண்டாம், இருக்கட்டும் என்று விட்டார். அந்த முடிவுக்கு ஒரு சலாம்.

இப்படி எது நிஜம், எது வேண்டுமென்றே செய்தது என்று பிரித்துச் சொல்ல அன்றைக்கு ஒரு ஆள் இருந்தார். 1977-இல் ஐடிவியில் ‘இட்’ல் பி ஆல்ரைட் ஆன் தி நைட்’ ஆரம்பித்தபோது கையில் கிளிப்போர்டோடு வந்து நின்ற டெனிஸ் நார்டன். 2006 வரை அவர்தான். அடிப்படையில் அவர் நகைச்சுவை எழுத்தாளர், ரேடியோ காலத்திலேயே ஃபிராங்க் மியூரோடு சேர்ந்து எழுதிப் பெயர் வாங்கியவர். அதனால் ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் இரண்டு வரி சொல்லி, நாம் எதைக் கவனிக்க வேண்டும் என்று இடத்தைத் தயார் செய்வார். தவறு செய்தவர் மேல் ஏளனம் இருக்காது. பிறகு பிபிசியும் 90களில் டெரி வோகனை வைத்துத் தன் பங்குக்கு ஆரம்பித்தது. இன்றைய தொகுப்புகளில் காதைக் கிழிக்கும் இசையும் சிரிக்கிற எமோஜியும்தான் இருக்கின்றன.

தவறுகளில் எனக்கு மரியாதை உள்ள வகை இன்னொன்று. வெட்டப்படாமல், யாரும் கவனிக்காமல், ஒளிபரப்பிலேயே உட்கார்ந்திருக்கிறவை. 1961-இல் வந்த, நகைச்சுவை நடிகர் டோனி ஹேன்காக்கின் ‘தி பிளட் டோனர்’ பிரிட்டனின் மிகச் சிறந்த அரை மணி நேரங்களில் ஒன்று என்பார்கள். பதிவுக்குச் சில நாள் முன்னால் கார் விபத்தில் தலையில் அடிபட்டு, வசனம் மனப்பாடம் செய்ய முடியாமல், எழுதிக் காட்டியதைப் பார்த்துப் படித்தார். தெரிந்துகொண்டு பார்த்தால் அவர் கண் எதிரே இருப்பவரைத் தாண்டி எங்கோ போவது தெரியும். கால்டனும் சிம்ப்சனும் எழுதிய வசனம் அவ்வளவு பலம் என்பதால் யாருக்கும் உறுத்தவில்லை.

1989-இல் ‘பிளாக்ஆடர்’ கடைசிக் காட்சி அதற்கும் மேலே. முதல் உலகப்போர்ப் பதுங்குகுழியில் இருந்து எல்லோரும் ஏறி ஓட வேண்டும். ஸ்டுடியோ செட்டில் எடுத்தது சில விநாடிகள்தான், பார்க்கச் செட் என்று பளிச்சென்று தெரிந்தது. அதைத் தூக்கிப் போடாமல், எடிட்டிங்கில் வேகத்தைக் குறைத்து, தொடரின் தீம் இசையை மெதுவான பியானோவாக்கி, மண் மேடு பாப்பிப் பூ வயலாகக் கரைவதாக மாற்றினார்கள். தொகுப்புகளில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய டேக், பார்த்தவர்களை அழவைத்தது.

ஒன்றே ஒன்றை மட்டும் யாரும் இந்த வரிசையில் சேர்க்காதீர்கள். டாமி கூப்பரின் பிழைப்பே மேஜிக் சொதப்புவதுதான், வேண்டுமென்றே, அவ்வளவு திறமையாக. 1984 ஏப்ரல் 15 அன்று நேரலையில் மேடையிலேயே மாரடைப்பில் சரிந்தபோது அரங்கம் சிரித்துக்கொண்டே இருந்தது. அவர்கள் மேல் குற்றம் இல்லை. அந்த வீடியோவை ‘வேடிக்கை’ என்று இன்றைக்கும் போடுகிறவர்களை நான் பிளாக் செய்துவிடுவேன்.

கூப்பர் மாதிரி சொதப்பலை வேண்டுமென்றே செய்வதும் சும்மா இல்லை. விக்டோரியா வுட் 80களில் ‘ஏகார்ன் ஆன்டீக்ஸ்’ என்று மட்டமான மெகா சீரியல்களைக் கிண்டல் செய்து குட்டித் தொடர் எழுதினார். சுவர் ஆடும், கேமரா தப்பான ஆளைக் காட்டும், ஜூலி வால்டர்ஸ் வேலைக்காரப் பாட்டியாகக் கையில் ட்ரேயோடு வந்து தடுமாறுவார். ஒவ்வொரு தவறும் ஸ்கிரிப்ட்டில் எழுதி, ஒத்திகை பார்த்து, விநாடி பிசகாமல் செய்தது. இன்றைய படங்களின் கடைசியில் டைட்டிலோடு ஓட்டுவதற்கென்றே நடிகர்கள் செயற்கையாகச் சிரிக்கிற ‘மேக்கிங்’ துண்டுகளைப் பார்க்கும்போது இதைத்தான் நினைத்துக்கொள்வேன். அந்தத் தவறுகளைத் தவறாமல் செய்ய முயன்று, வழியில் யாராவது நிஜமாகவே தவறிய டேக்குகள் எங்காவது கிடைத்தால், தயவுசெய்து என்னை டேக் செய்யுங்கள்.