வலிப்பா, மருந்தா, மலைக்குளிரா?

வகுப்பில் டிக்டேஷன் நடக்கிறது. பிள்ளை ஒழுங்காக எழுதிக்கொண்டே வருகிறது. நடுவில் நாலு வார்த்தை காணோம், பேனா கோடு மட்டும் இழுபட்டுக் கிடக்கிறது, அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி அடுத்த வரி. நோட்டில் சிவப்பு மையில் ‘கவனக்குறைவு’ என்று வரும். வீட்டில் அதற்குப் பெயர் பராக்கு. சில விநாடி நினைவு தப்பி வெறித்து நிற்கும் ஆப்சென்ஸ் வலிப்பு உள்ள பிள்ளைகள் பலருக்கும் நோயின் பெயர் தெரிவதற்கு முன்பே இந்தப் பட்டம் கிடைத்துவிடுகிறது. சிகிச்சை தொடங்கியதும் மருந்தின் பக்கவிளைவைப் பார்த்துப் பட்டம் மாறும்: தூங்குமூஞ்சி, தீனிப்பண்டாரம், முரடு. எனக்குக் கோபம் இந்த இரண்டாவது சுற்றின் மேல்தான்.

பராக்கையும் வலிப்பையும் பிரித்தறிவது அவ்வளவு கடினமில்லை. பராக்கு பார்க்கிற பிள்ளையின் தோளைத் தொட்டால் திரும்பும். வலிப்பில் இருக்கும் பிள்ளை திரும்பாது. பேச்சின் பாதியில், வாயில் சோறு இருக்கும்போதே சட்டென்று நிற்கும். கண்ணிமை படபடக்கும், சில பிள்ளைகள் உதட்டைச் சப்புவார்கள். பத்து விநாடி போல இருந்துவிட்டு சட்டென்று முடியும். பெரும்பாலும் 4 வயதுக்கும் 10 வயதுக்கும் இடையில் தொடங்கும், ஒரு நாளில் பத்துப் பதினைந்து தடவைகூட வரும். உலுக்க வேண்டாம், கையில் சாவிக்கொத்தும் வேண்டாம். தானாக முடிந்ததும் விட்டுப்போன வாக்கியத்தைத் திரும்பச் சொன்னால் போதும். அந்த வெறிப்பு 5 நிமிடம் தாண்டியும் தெளியவில்லை என்றால் 108.

இஇஜி (தலையில் கம்பி ஒட்டி மூளையின் மின் அலைகளைப் பதியும் சோதனை) எடுக்க நீலகிரியிலிருந்து ‘கீழே’ கோவைக்குப் போகிறவர்கள் முந்தின நாளே தலைக்கு ஊற்றிவிடுங்கள், எண்ணெய் வைக்காதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கில் கம்பி ஒட்டாது. தூக்கத்தைக் குறைத்துக் கூட்டி வரச் சொல்லியிருந்தால், விடியற்காலை வண்டியில் பர்லியார் மலைப்பாதை வளைவுகளில் பிள்ளை அசந்து தூங்கியதுமே அந்த ஏற்பாடு பாழ். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தபடியே வர வேண்டும். அங்கே 3 நிமிடம் வேகவேகமாக மூச்சு விடச் சொல்வார்கள், அப்போதுதான் வலிப்பு பிடிபடும். அதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள். செல்போனில் எடுத்த வீடியோ ஒன்று போதும்.

‘எல்லா ஃபிட்ஸுக்கும் ஒரே மாத்திரை’ என்ற நினைப்பு ஆபத்தானது. கார்பமாசெபைன், ஃபெனிடாயின் போன்ற வலிப்பு மருந்துகள் ஆப்சென்ஸை அதிகப்படுத்தலாம். பக்கத்து வீட்டு மாமாவுக்குக் கேட்ட மருந்து உங்கள் பிள்ளைக்கு ஆகாது. 2010-இல் அமெரிக்காவில் 453 பிள்ளைகளை வைத்து வெளியான ஆய்வில் எத்தோசக்சிமைடு, வால்ப்ரோயேட் என்ற இரண்டு மருந்துகளும் ஏறக்குறைய சமமாக வேலை செய்தன, மூன்றாவது மருந்தான லாமோட்ரிஜின் பின்தங்கியது. ஆனால் கவனச் சிதறல் வால்ப்ரோயேட்டில்தான் கூடுதல். ‘வலிப்பு நின்ற பிறகும் படிக்க மாட்டேன்கிறான்’ என்று அடிக்கக் கை ஓங்கும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். பெண் பிள்ளை என்றால் வால்ப்ரோயேட் பற்றி டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள்; பிற்காலத்தில் கர்ப்பத்தில் சிசுவைப் பாதிக்கும் மருந்து அது.

அளவு விஷயத்தில் சமையலறை ஸ்பூனை நம்பவே கூடாது. 5 மி.லி.யில் 200 மி.கி. உள்ள சிரப் என்றால் 1 மி.லி.க்கு 40 மி.கி. ஒரு வீட்டு ஸ்பூன் 3 மி.லி. பிடிக்கும், இன்னொன்று 7 பிடிக்கும். அதாவது 120 மி.கி.யும் ஆகலாம், 280-ம் ஆகலாம். ஊசி இல்லாத சிரிஞ்சு வாங்கிக்கொள்ளுங்கள். கடைக்காரர் வேறு கம்பெனி பாட்டில் கொடுத்தால் முதலில் லேபிளில் உள்ள மி.கி.யைப் பாருங்கள். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையை இடித்துக் கொடுக்கக் கூடாது. ஒருவேளை விட்டுப்போனால் அடுத்த வேளை இரட்டிப்பாகவும் கூடாது.

இனி மலைக்கு வருகிறேன். பக்கவிளைவை ஒளித்துவைப்பதில் நீலகிரிக்கு இணையில்லை. பிள்ளையின் கை நடுங்கினால் ‘குளிருது’ என்போம். குளிர் நடுக்கம் கம்பளிக்குள் போனால் அடங்கும். வால்ப்ரோயேட் நடுக்கம் டம்ளரைத் தூக்கும்போதும் எழுதும்போதும் தெரியும். முடி கொட்டினால் தண்ணீரைக் குறை சொல்வோம். காலையில் எழ மறுத்தால் பனியைச் சொல்வோம். எடை ஏறினால் ‘மலைக் காத்து, நல்லா பசிக்குது’ என்று சந்தோஷம் வேறு! அது மருந்து கிளப்பிய பசியாக இருக்கலாம். மாதம் ஒருமுறை ஸ்வெட்டரும் ஷூவும் கழற்றிவிட்டு, ஒரே தராசில் எடை பாருங்கள். மருந்தளவைக் கிலோ கணக்கில்தான் தீர்மானிக்கிறார்கள்.

வாந்திதான் இதில் மோசமான ஏமாற்று. வளைவில் வந்த வாந்தி இறங்கினால் நிற்கும். வால்ப்ரோயேட் தொடங்கிய முதல் ஆறு மாதத்தில் வீட்டில் இருக்கும்போதே திரும்பத் திரும்ப வாந்தி, சோர்வு, சாப்பாடு பிடிக்காமை, கடும் வயிற்றுவலி, கண்ணில் மஞ்சள் என்று எது தெரிந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. கல்லீரலோ கணையமோ பாதிக்கப்பட்டிருக்கலாம். லாமோட்ரிஜினில் தோல் தடிப்பு, எத்தோசக்சிமைடில் காய்ச்சலோடு தொண்டைவலி, இவற்றுக்கும் அதே அவசரம். எத்தோசக்சிமைடு தரும் சாதாரண வயிற்றுவலியும் விக்கலும் சாப்பாட்டோடு கொடுத்தால் பெரும்பாலும் குறையும்.

ஊட்டியில் சொல்லக் கூடாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: நீலகிரித் தைலம். சளி என்றால் நெஞ்சில் தேய்ப்பதும் ஆவியில் நாலு சொட்டு விடுவதும் இங்கே வீட்டுக்கு வீடு வழக்கம். தைலமும் கற்பூரமும் வலிப்பைத் தூண்டக்கூடியவை என்று பெங்களூரு நரம்பியல் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். வலிப்பு உள்ள பிள்ளைக்கு இரண்டும் வேண்டாம். வெறும் வெந்நீர் ஆவி போதும், அதையும் பெரியவர் பிடித்துக்கொண்டுதான்.

பத்து விநாடி நினைவு தப்பினால் விறகடுப்பும் குமுட்டியும் வெந்நீர் அண்டாவும் ஆபத்தாகிவிடும். குளியலறையில் தாழ்ப்பாள் போடாமல், மொண்டு ஊற்றிக் குளிக்கட்டும். தேயிலைத் தோட்டத்துக் குறுக்குப் பாதையில் ஸ்கூலுக்குப் போகும் பிள்ளை தனியாகப் போக வேண்டாம். சரிவும் காட்டெருமையும் பத்து விநாடி காத்திருக்காது.

நோட்டு ஒன்று போடுங்கள். தேதி, வெறிப்பு எத்தனை, தூக்கம், சாப்பாடு, மருந்து கொடுத்த நேரம். டீச்சரிடமும் ஒரு தாள் கொடுத்து ஒவ்வொரு தடவைக்கும் கோடு போடச் சொல்லுங்கள். அளவு மாறிய நாளை வட்டமிடுங்கள். எந்தத் தொந்தரவு மருந்துக்குப் பின் வந்தது, எது முன்பிருந்தே இருக்கிறது என்று அந்த வட்டம் காட்டிக்கொடுக்கும். அதை வைத்து அளவைக் குறைப்பது டாக்டர் வேலை. நாமாக நிறுத்தினால் வலிப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பலாம்.

மழையில் வழி அடைத்தாலும் மருந்து நின்றுபோகும் என்பதால் கையிருப்பு முக்கியம். 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மண்சரிந்து சாலைகள் துண்டானதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கூடலூர், பந்தலூர்க்காரர்கள் ஜூனுக்கு முன்பும், குன்னூர், கோத்தகிரிக்காரர்கள் அக்டோபருக்கு முன்பும் இரண்டு வாரத்துக்குக் கூடுதல் மருந்து வாங்கி வைத்துவிடுங்கள். பாட்டில் அடுப்பு மேடையில் வேண்டாம், ஈரச் சுவர் அலமாரியிலும் வேண்டாம். மருந்துச் சீட்டை போட்டோ எடுத்து வீட்டில் இரண்டு பேர் போனில் வைத்திருங்கள்.