பாதி விலைக்குக் காரணம் தயாரிப்புச் செலவு அல்ல

2019இல் இன்டெல் தன் 18 கோர் (கணக்குப்போடும் பகுதி) கொண்ட கணினிப் பிராசசரின் விலையைப் பாதியாக்கியதற்குத் தயாரிப்புச் செலவு இறங்கியதே காரணம், அதில் போட்டி நிறுவனமான ஏஎம்டி நசுங்கிப்போனது என்று நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். விலை பாதியானது உண்மைதான். மற்ற இரண்டும் தவறு.

2018இல் வந்த கோர் ஐ9 9980எக்ஸ்இ 1,979 டாலர். மறு ஆண்டு வந்த 10980எக்ஸ்இ 979 டாலர். இரண்டிலும் 18 கோர்கள்தான், இரண்டுமே அதே 14 நானோமீட்டர் தயாரிப்பு முறையில் செய்தவைதான். போதாததற்கு அப்போது இன்டெலிடம் 14 நானோமீட்டர் சிப்புகளுக்குத் தட்டுப்பாடு வேறு. சரக்கு போதாத நேரத்தில் செலவு குறைந்தது என்று எந்த வியாபாரி ஆயிரம் டாலரை விட்டுக்கொடுப்பார்?

எதிர்க்கடையைப் பாருங்கள். ஏஎம்டியின் ரைசன் 9 3950எக்ஸ், 16 கோர்கள், அப்போது 749 டாலர். அதற்குத் தனி வகை மதர்போர்டுகூடத் தேவையில்லை, சாதாரண கணினிகளுக்கான ஏஎம்4 போர்டிலேயே உட்கார்ந்துவிடும். அதன் பக்கத்தில் 1,979 டாலர் சீட்டை ஒட்டிவைத்தால் யார் வாங்குவார்கள்?

ஏஎம்டி நசுங்கியதா? 2019 நவம்பரில் 24 கோர் த்ரெட்ரிப்பர் 3960எக்ஸ் பிராசசரை 1,399 டாலருக்கு இறக்கியது. முந்தைய தலைமுறையின் 24 கோர் 1,299தான். போட்டியாளர் விலையைப் பாதியாக்கிய வேளையில் இவர்கள் 100 டாலர் ஏற்றியிருக்கிறார்கள்!

நண்பர் ஒருவேளை 2006ஐ நினைத்திருக்கலாம். இன்டெலின் கோர் 2 டுயோ வந்தபோது ஏஎம்டிதான் தன் அத்லான் எக்ஸ்2 5000+ விலையை 696 டாலரிலிருந்து 301க்கு இறக்க வேண்டியிருந்தது. அப்போது வேகத்தில் பின்தங்கியவர் ஏஎம்டி.