மானுக்கு ஆரஞ்சு தெரியாது, நீங்கள் மூக்கைச் சொறிவது தெரியும்

செப்டம்பர் பிறந்தால் அமெரிக்காவில் வேட்டைச் சாமான் விற்கும் கடைகள் இலையும் மரப்பட்டையுமாக மாறிவிடும். சட்டை, கால்சட்டை, தொப்பி என்றால் புரிகிறது. உள்ளாடையிலும் மணிபர்சிலும்கூட ஓக் இலையை அச்சடித்து விற்கிறார்கள். அதை எந்த மான் பார்க்கப் போகிறது என்று யாரும் கேட்பதில்லை. அங்கே புதிதாக வேட்டை உரிமம் எடுப்பவர்கள் முதலில் கேட்கும் கேள்வி: கேமோ உடை, அதாவது காட்டோடு கலந்து தெரிய இலையும் பட்டையும் அச்சிட்ட உடை, இல்லாமல் போனால் மான் ஓடிவிடுமா?

என் பதில் மூன்றாகத்தான் வரும். ரைஃபிளோடு மானுக்குப் போகிறீர்களா, அநேகமாகத் தேவையில்லை. வான்கோழிக்கா, கட்டாயம் தேவை. வாத்துக்கா, உடையைவிட நீங்கள் ஒளிந்திருக்கும் மறைப்புதான் முக்கியம். மூன்றுக்கும் ஒரே ஜாக்கெட்டை நீட்டும் கடைக்காரருக்கு இது பிடிக்காது.

மானிலிருந்து தொடங்குவோம். மனிதக் கண்ணில் நிறம் பார்க்கும் கூம்புச் செல்கள் மூன்று வகை. வெள்ளைவால் மானுக்கு இரண்டுதான். ஒன்று 450 நானோமீட்டர் அலைநீளத்தின் பக்கத்தில், நீலத்துக்கு. இன்னொன்று 537 பக்கத்தில், பச்சைக்கு. சிவப்பையும் பச்சையையும் பிரித்துக் காட்டும் மூன்றாவது வகை அதற்கு இல்லை. வேட்டைக்காரர்கள் போடும் ஒளிர் ஆரஞ்சு 595 முதல் 605 நானோமீட்டருக்குள் வரும் நிறம். அந்த இடத்தில் மானின் கண்ணுக்கு வேலை ரொம்பக் குறைவு. நமக்குக் கண்ணைப் பறிக்கும் சட்டை அதற்கு மங்கிய மஞ்சளோ பழுப்போ மாதிரி ஒன்று. புலி இவ்வளவு ஆரஞ்சாக இருந்துகொண்டு பச்சைக் காட்டில் மான் பிடிப்பதும் இதே காரணத்தால்தான்.

இன்னொன்றையும் யோசியுங்கள். மரப்பட்டை அச்சிட்ட டிரீபார்க் துணி சந்தைக்கு வந்தது 1980 வாக்கில். இன்று பிரபலமான கேமோ பிராண்டுகளான மாஸி ஓக், ரியல்ட்ரீ இரண்டும் 1986இல்தான் பிறந்தன. அதற்கு முன்னே சிவப்பும் கறுப்பும் கட்டம் போட்ட கம்பளிக் கோட்டுதான் மான் வேட்டைக்காரனின் சீருடை. ‘பென்சில்வேனியா டக்சீடோ’ (டக்சீடோ என்றால் விருந்துக்குப் போடும் கோட்டு) என்று அதற்குக் கேலிப் பெயரே உண்டு. அந்தக் கட்டக் கோட்டுகளுக்கு மான் சிக்காமலா இருந்தது?

ஆரஞ்சு போடுவது மற்ற மனிதர் கண்ணில் படுவதற்காக. 1988 நவம்பரில், மான் பருவத்தில், மேய்ன் மாநிலத்தின் ஹெர்மன் என்ற ஊரில் தன் வீட்டுக்குப் பின்னால் நின்றிருந்த ஒரு பெண்ணை மான் என்று எண்ணி ஒருவர் சுட்டார். அந்தப் பெண் இறந்துபோனார். கையில் வெள்ளைக் கையுறை போட்டிருந்தார். வெள்ளைவால் மான் மிரண்டால் வாலைத் தூக்கும், அடிப்பக்கம் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். மான் பருவத்தில் வெள்ளைக் கைக்குட்டையைக்கூட வெளியே எடுக்காதே என்று சொல்வது அதனால்தான். துப்பாக்கி மான் பருவத்தில் பென்சில்வேனியாவில் தலை, மார்பு, முதுகு சேர்த்து 250 சதுர அங்குலம் ஒளிர் ஆரஞ்சு வேண்டும், எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தெரியவேண்டும். கொலராடோவில் இடுப்புக்கு மேல் 500 சதுர அங்குலம், தலையிலும் வேண்டும். இலை அச்சிட்ட கேமோ ஆரஞ்சு அங்கே கணக்கில் சேராது. 2016 முதல் கொலராடோவிலும் விஸ்கான்சினிலும் ஒளிர் இளஞ்சிவப்பும் செல்லும். மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு, வருடத்துக்கு வருடமும் மாறும். உரிமம் எடுக்கும்போதே அந்த ஆண்டுக் கையேட்டைப் படித்துவிடுங்கள்.

நிறத்தில் மானிடம் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு, அது நீலம். மானின் கண்வில்லை நம்முடையதைப்போலப் புற ஊதாவை வடிகட்டுவதில்லை. காலையும் அந்தியும் மங்கிய வெளிச்சத்தில் நீலம் அதற்கு நம்மைவிடப் பல மடங்கு பிரகாசம். ஜீன்ஸ் போட்டுக்கொண்டு பரண் ஏறாதே என்பது இதற்காக. ஜீன்ஸைவிட மோசமானது உங்கள் சலவைத்தூள். வெள்ளை வேட்டிக்கு நம் வீட்டில் சொட்டு நீலம் போடுகிறோமே, அதே வேலையைச் செய்யும் வேதிப்பொருள் பெரும்பாலான சலவைத்தூளில் கலந்தே வருகிறது. அது புற ஊதாவை வாங்கி நீலமாகத் திருப்பி அனுப்பும். விலை உயர்ந்த கேமோ ஜாக்கெட்டை அதில் இரண்டு முறை துவைத்தால், அந்தி நேரத்தில் நீங்கள் மெலிதாக மின்னும் ஒரு நீல உருவம்.

வீட்டிலேயே சோதித்துவிடலாம். 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் ஒன்று வாங்கி, இருட்டறையில் துணிமேல் அடியுங்கள். நீலவெள்ளையாக மின்னினால் பிரச்சினை. ஆரஞ்சு உடை ஆரஞ்சாகவே மின்னினால் பரவாயில்லை, அந்த ஒளி மானுக்கு மங்கலாகத்தான் தெரியும். தையல் நூலையும் கழுத்து லேபிளையும் பாருங்கள், பல நேரம் துணி சுத்தமாக இருக்கும், நூல் மட்டும் மின்னும். ஒருமுறை ஏறிய அந்த வெண்மையூட்டி பருத்தியிலிருந்து லேசில் போகாது. வேறு தூளில் துவைத்தால் சரியாகிவிடும் என்று நம்ப வேண்டாம். புற ஊதாவைத் தடுக்கும் கரைசல் தனியாகக் கிடைக்கிறது. அதில் நனைத்துக் காயவைத்து, பிறகு வெண்மையூட்டி இல்லாத சோப்பில் மட்டும் துவைக்க வேண்டும். வாஷிங் மெஷினில் பழைய தூள் ஒட்டியிருக்கும், முதலில் வெறும் தண்ணீரில் ஒருமுறை ஓடவிடுங்கள்.

இவ்வளவும் செய்துவிட்டு மூக்கைச் சொறிந்தால் கதை முடிந்தது. மானின் கண் நுணுக்கத்தில் நம்மைவிட மங்கல், ஆனால் பக்கவாட்டில் இருப்பதால் ஏறத்தாழ 300 பாகை பார்க்கும். அதன் கண்பாப்பா கிடைமட்டக் கோடு, அதனால் அடிவானத்தை ஒட்டிய அசைவு எதையும் விடாது. அசையாமல் உட்கார்ந்த ஆரஞ்சு மனிதரை 30 கெஜத்தில் கடந்துபோகும் மான், கேமோ போட்டுக் கையைத் தூக்கியவரை 100 கெஜத்திலேயே கண்டுகொள்ளும். அடுத்தது உருவரை. வானம் பின்னால் இருக்கும்படி பரண் கட்டினால் எந்த அச்சும் காப்பாற்றாது. வழக்கமான 15 முதல் 20 அடி உயரத்தில், உங்கள் தோளைவிட அகலமான அடிமரமோ கிளைக் கூட்டமோ முதுகுக்குப் பின்னால் இருக்கவேண்டும். (பாதுகாப்புக் கச்சையைத் தரையிலேயே மாட்டிக்கொண்டு ஏறுங்கள். பரணிலிருந்து விழுந்து இடுப்பு உடைபவர்கள் எல்லோரும் நல்ல கேமோ போட்டவர்கள்தான்.)

எல்லாவற்றுக்கும் மேலே காற்று. காற்று உங்களிடமிருந்து மானுக்குப் போனால் நீங்கள் கண்ணாடியால் ஆனவராக இருந்தாலும் பிரயோசனம் இல்லை. மலைச்சரிவில் காலையில் வெயில் ஏற ஏறக் காற்று மேலே எழும், அந்தியில் குளிர்ந்து பள்ளத்துக்கு இறங்கும். அதனால் காலையில் மேட்டிலும் மாலையில் பள்ளத்தின் பக்கமும் உட்கார வேண்டும். தலைகீழாகச் செய்துவிட்டுத் துணியைக் குறை சொல்பவர்கள் ஏராளம். டால்கம் பவுடர் நிரப்பிய சின்ன டப்பாவை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அமுக்கிப் பார்ப்பது நூற்றுக்கணக்கான டாலர் ஜாக்கெட்டைவிட உதவும்.

வில்லோடு போகிறவர்களுக்கு மட்டும் நான் கொஞ்சம் இறங்கி வருவேன். 20 கெஜத்தில் மான் நிற்கும்போது வில்லை இழுக்கவேண்டும், அந்த இழுப்பே பெரிய அசைவு. பல மாநிலங்களில் வில் பருவத்தில் ஆரஞ்சுக் கட்டாயமும் இல்லை. அங்கே முகம், கை, நெஞ்சு மறைந்திருப்பது ஓரிரு நொடி கூடுதலாகத் தரும். ஆனால் அச்சைத் தேர்ந்தெடுக்கும்போது ஏமாறாதீர்கள். ஒவ்வொரு இலையும் புகைப்படம்போலத் தெரியும் துணி கடையில் அழகு. 40 கெஜம் தள்ளி வைத்தால் எல்லாம் கலந்து மனித வடிவில் ஒரே கறுப்புத் திட்டாகிவிடும். வெளிறிய பின்னணியில் பெரிய பெரிய திட்டு உள்ளதுதான் தூரத்தில் உருவத்தை உடைக்கும். ஆப்டிஃபேட் போன்ற அச்சுகள் விலங்கின் பார்வையை ஆராய்பவர்களை வைத்து வடிவமைக்கப்பட்டவை. கேமோ வியாபாரத்தில் எனக்கு மரியாதை உள்ள ஒரே பக்கம் அது. என்றாலும் சரசரக்கும் நைலானில் எந்த அச்சு இருந்து என்ன? சத்தமில்லாத கம்பளியோ ஃபிளீஸோ பாருங்கள்.

பறவைக்கு வந்தால் கணக்கு முழுக்க மாறுகிறது. பறவைக்குக் கூம்புச் செல் நான்கு வகை. பெரும்பாலானவற்றில் நிற எண்ணெய்த் துளி ஒன்று வடிகட்டிபோல நிற்கும். சிவப்பும் ஆரஞ்சும் நமக்குத் தெரிவதுபோலவே பளிச்சென்று தெரியும், ஊதாவுக்கு அப்பாலும் கொஞ்சம் எட்டும். மானிடம் செல்லுபடியான எந்தச் சலுகையும் இங்கே கிடையாது.

வான்கோழிக்கு மோப்பம் மோசம், அதை முழுக்கக் கண் ஈடுகட்டுகிறது. வசந்தகால வேட்டையில் நீங்கள் பெட்டைக் குரல் கொடுத்து அதைக் கூப்பிடுகிறீர்கள். குரல் வந்த இடத்தைச் சேவல் துல்லியமாகத் தெரிந்துகொண்டு, அங்கே பெட்டை எங்கே என்று தேடிக்கொண்டே வருகிறது. அதாவது உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு வருகிறது. அதனால் முகமூடியும் கையுறையும்தான் முதல் செலவு, சட்டை பிறகு. தோளைவிட அகலமான மரத்தில் சாய்ந்து, முழங்காலை உயர்த்தி, துப்பாக்கியை அதன்மேல் தாங்கி, சேவல் தெரிவதற்கு முன்பே குறி இருக்கும் நிலைக்கு வந்துவிட வேண்டும். முழங்காலை மடக்கினால் கால்சட்டை மேலேறி வெள்ளைச் சாக்ஸ் தெரியும். புதியவர்கள் கெடுத்துக்கொள்வது பெரும்பாலும் இந்த இரண்டு அங்குல வெள்ளையில்தான்.

வெள்ளை வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சேவலின் தலை சிவப்பு, வெள்ளை, நீலம், உடல் கறுப்பு. இந்த நான்கு நிறமும் உங்கள் மேல் எங்கும் இருக்கக்கூடாது. முழு கேமோவில் புதருக்குள் உட்கார்ந்து பெட்டைக் குரல் எழுப்புகிற மனிதரை இன்னொரு வேட்டைக்காரர் பறவை என்று நினைப்பது நடக்கக்கூடியதே. யாராவது நெருங்குவது தெரிந்தால் கையை ஆட்டாமல் வாய்விட்டுக் கத்துங்கள். சுட்ட பறவையை ஆரஞ்சுப் பையில் போட்டுத்தான் தூக்கி வரவேண்டும்.

வாத்து மேலிருந்து பார்க்கிறது. அதற்குத் தெரிவது சட்டையின் அச்சு அல்ல: அண்ணாந்து பார்க்கும் வெளிறிய முகங்கள், மறைப்பின் கூரிய நிழல், சுட்டுக் கீழே போட்ட தோட்டாக் கூடுகளின் மினுக்கு. தொப்பி விளிம்புக்கு அடியிலிருந்து கண்ணை மட்டும் உருட்டிப் பாருங்கள். வயலில் படுத்துச் சுடும் மறைப்புப் புதிதாக வாங்கினால் துணி பளபளக்கும். அதே வயலின் சேற்றைக் கரைத்து முழுக்கப் பூசி, காய்ந்ததும் தேய்த்து உதறிவிட வேண்டும். பிறகு அங்கேயே கிடைக்கும் தாளடியைப் பட்டைகளில் செருக வேண்டும். வேறு வயலின் புல் நிறம் வேறாக இருக்கும், அது போதும் காட்டிக்கொடுக்க. காற்று முதுகில் படும்படி உட்கார்ந்தால் வாத்து எதிர்க்காற்றில் உங்களை நோக்கி இறங்கும். பொம்மை வாத்துகளை நடுவே இடம்விட்டுப் பரப்பினால் 20 முதல் 35 கெஜத்துக்குள் வந்துவிடும். இத்தனையும் சரியாக அமைந்தால் உள்ளே பழைய பழுப்புக் கோட்டு போதும்.

புறாவுக்கு நிழலும் மங்கிய நிற டிஷர்ட்டும் போதும்.

நம்மூருக்கு இதில் ஒரு தொடர்பு உண்டு. முதுமலையில் பார்க்கிற அதே புள்ளிமான் 1932 வாக்கில் டெக்சாஸில் கொண்டுவந்து விடப்பட்டது, இன்று அங்கே ஆண்டு முழுவதும் வேட்டையாடப்படுகிறது. கூட்டமாக மேயும், இருபது மான் என்றால் நாற்பது கண். ஒன்று கத்தினால் மொத்தக் கூட்டமும் போய்விடும். கேமோவை நம்பி வெட்டவெளியில் தவழ்ந்து போகிறவர்களுக்கு அது நல்ல பாடம் நடத்தும்.

இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று இதெல்லாம் கேமராவோடு மட்டும்தான். ஆனால் கேமோ மோகம் நம் புகைப்படக்காரர்களையும் விடவில்லை. டீசல் ஜீப்பில் ஆறு பேர், ஆறு பேரும் தலை முதல் கால்வரை இலை! மானுக்கு அது பேசிக்கொண்டே வரும் ஒரு புதர். நடந்தோ மறைவிடத்தில் உட்கார்ந்தோ பறவை எடுப்பவர்களுக்கு ஆலிவ் அல்லது மண் நிறச் சட்டை, தொப்பி, கையுறை போதும். வெள்ளை லென்ஸுக்கு மட்டும் உறை மாட்டுங்கள்.

அப்படியே கேமோ வாங்கிவிட்டீர்களா, அதோடு பார்படாஸுக்கோ ஜமைக்காவுக்கோ டிரினிடாடுக்கோ விமானம் ஏறாதீர்கள். அங்கே ராணுவத்தார் தவிர யாரும் அந்த அச்சுத் துணி போடக்கூடாது. பார்படாஸில் குழந்தையின் டிராயரும் அதில் அடக்கம்.