பீடத்தில் ஏற்றியது யார்?

ஐரிஷ் எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டின் 'அன் ஐடியல் ஹஸ்பண்ட்' நாடகத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே வழக்கமாக ஒரு விளக்கம் சொல்வார்கள். மனைவி கெர்ட்ரூட் தன் கணவன் அப்பழுக்கற்றவனாக இருக்க வேண்டும் என்று அளவுக்கு மீறி எதிர்பார்த்தாள், கடைசியில் மனிதன் என்றால் குறை இருக்கும் என்று தெளிந்தாள், அவ்வளவுதான் கதை என்று. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அந்தப் பெண் கேட்டது அப்படி ஒன்றும் பெரிய விஷயம் இல்லை.

அவள் கணவர் சர் ராபர்ட் சில்டர்ன் வெளியுறவுத் துறையில் துணை அமைச்சர். நேர்மைக்குப் பேர்போனவர். இளம் வயதில் ஓர் அமைச்சரின் செயலாளராக இருந்தபோது, சூயஸ் கால்வாய்ப் பங்குகளை அரசு வாங்கப்போகிறது என்ற ரகசியத்தை ஒரு பெரும் பணக்காரருக்குக் கடிதம் எழுதி விற்றவர். அதற்குக் கிடைத்த 1,10,000 பவுண்டில்தான் அவருடைய அரசியல் வாழ்க்கையே தொடங்குகிறது. 1875இல் பிரிட்டிஷ் பிரதமர் டிஸ்ரேலியின் அரசு நிஜமாகவே 40 லட்சம் பவுண்டு கொடுத்து அந்தப் பங்குகளை வாங்கியது. அதனால் 1895 ஜனவரியில் லண்டன் ஹேமார்க்கெட் அரங்கில் இதைப் பார்த்தவர்களுக்கு வெறும் கட்டுக்கதையாகத் தோன்றியிருக்காது.

அந்தப் பழைய கடிதம் மிஸஸ் செவ்லி என்ற பெண்ணின் கையில் சிக்குகிறது. அர்ஜென்டினாவில் ஒரு மோசடிக் கால்வாய்த் திட்டத்தில் அவள் பணம் போட்டிருக்கிறாள். அதை ஆதரித்து நாடாளுமன்றத்தில் பேசு, இல்லையென்றால் கடிதம் வெளியே வரும் என்று மிரட்டுகிறாள். முதல் அங்கத்திலேயே கெர்ட்ரூட் கணவனிடம் நேராகக் கேட்டுவிடுகிறாள்: உங்கள் வாழ்க்கையில் வெளியே சொல்ல முடியாத களங்கம் ஏதாவது இருக்கிறதா? உனக்குத் தெரியக்கூடாதது ஒன்றுமே இல்லை என்று ராபர்ட் கூசாமல் பொய் சொல்கிறார். அடுத்த அங்கத்தில் குட்டு உடைந்ததும் என்ன செய்கிறார்? அவள் மேலேயே பாய்கிறார். பெண்கள் ஏன் எங்களைக் குறைகளோடு நேசிக்க மாட்டேன் என்கிறீர்கள், ஏன் பீடத்தில் ஏற்றி வைக்கிறீர்கள் என்று ஒரு நீண்ட பேச்சு. கைதட்டல் வாங்கும் பேச்சுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பீடத்தின் மேல் இத்தனை வருடம் சுகமாக நின்றுகொண்டிருந்தது யார்? அரசாங்க ரகசியத்தை விற்காதே என்பதும், கேட்டால் உண்மையைச் சொல் என்பதும் எட்டாத லட்சியங்களா?

அந்தக் காலச் சட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1857ஆம் ஆண்டு இங்கிலாந்தின் விவாகரத்துச் சட்டப்படி, மனைவி முறைதவறினாள் என்று நிரூபித்தாலே கணவனுக்கு விவாகரத்து கிடைக்கும். மனைவிக்கு அது போதாது. கூடவே கொடுமை, கைவிடுதல் என்று இன்னொன்றையும் நிரூபிக்க வேண்டும். இது சமமானது 1923இல்தான். தப்பிக்கும் வழி இவ்வளவு குறுகலாக இருக்கும்போது, உள்ளே நுழைகிறவள் கொஞ்சம் கறாராகத்தான் இருப்பாள்.

நிஜமாகவே அபத்தமான எதிர்பார்ப்பு எப்படி இருக்கும் என்பதும் வைல்டுக்கு நன்றாகத் தெரியும். அதே 1895 பிப்ரவரி 14 அன்று செயின்ட் ஜேம்ஸ் அரங்கில் மேடையேறிய 'தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் ஏர்னஸ்ட்' முழுக்க அதுதான். அதன் நாயகி குவெண்டலினுக்கு ஏர்னஸ்ட் என்ற பெயர் உள்ளவன்தான் வேண்டும். குணம், தொழில் எல்லாம் அப்புறம். இன்னொரு நாயகி செசிலி இன்னும் ஒரு படி மேலே. முகமே பார்க்காத ஒருவனோடு நிச்சயமாகி, தனக்குத் தானே அவன் எழுதுவதுபோலக் காதல் கடிதங்கள் எழுதி, நடுவில் ஒருமுறை நிச்சயத்தை முறித்து, மறுபடி சேர்ந்து, எல்லாவற்றையும் டைரியில் தேதியோடு குறித்து வைத்திருக்கிறாள். ஒருமுறையாவது முறியாவிட்டால் அது என்ன நிச்சயதார்த்தம் என்று நியாயம் வேறு பேசுகிறாள்! அவர்களைக் காதலிக்கும் ஆண்கள் இரண்டு பேரும் பாதிரியாரிடம் போய்ப் புதிதாக ஞானஸ்நானம் வாங்கிப் பெயரை மாற்றிக்கொள்ளவும் தயார். குவெண்டலினின் அம்மா லேடி பிராக்னெல் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்து மாப்பிள்ளையின் வயது, வருமானம், வீடு எந்தத் தெரு என்று விசாரிக்கும் காட்சியை எத்தனை முறை படித்தாலும் சிரிப்பு வரும். செசிலிக்கு 1,30,000 பவுண்டு இருக்கிறது என்று காதில் விழுந்த மறுநொடியே, இப்போது பார்த்தால் பெண் லட்சணமாகத்தான் இருக்கிறாள் என்று அதே அம்மாளுக்குத் தோன்றுகிறது.

இவர்களோடு கெர்ட்ரூடை ஒரே வரிசையில் நிறுத்துவது அநியாயம். நான்காம் அங்கத்தில் ராபர்ட்டின் நண்பர் லார்ட் கோரிங் அவளுக்குப் பாடம் எடுக்கிறார்: ஆணின் வாழ்க்கை பெண்ணின் வாழ்க்கையைவிட மதிப்பு மிக்கது, அதனால் மன்னித்துவிடு, அவன் பதவியைத் துறக்கவிடாதே. அவளும் அதைக் கிட்டத்தட்ட அப்படியே கணவனிடம் ஒப்பிக்கிறாள். எனக்கு இந்த நாடகத்தில் பிடிக்காத பக்கங்கள் இவைதான்.

ராபர்ட் என்ன கற்றுக்கொண்டார் என்று பார்த்தால் இன்னும் வேடிக்கை. அதே அங்கத்தில் கோரிங் அவருடைய தங்கை மேபலை மணமுடித்துத் தரும்படி கேட்கும்போது முடியாது என்கிறார். முந்தைய இரவு கோரிங் வீட்டில் மிஸஸ் செவ்லியைப் பார்த்துவிட்டாராம், அப்படிப்பட்டவனுக்குத் தங்கையைத் தர மாட்டாராம். குறைகளோடு நேசியுங்கள் என்று முழங்கிய அதே மனிதர்தான்! கடைசியில் கெர்ட்ரூட்தான் உண்மையைச் சொல்கிறாள்: அன்று இரவு அங்கே வருவதாக இருந்தது நான், உதவி கேட்டுக் கடிதம் எழுதியதும் நான், நீங்கள் தப்பாக நினைப்பீர்களோ என்ற பயத்தில் மறைத்துவிட்டேன். அதற்கு ராபர்ட் சொல்லும் பதில், நல்லவை எல்லாவற்றுக்கும் நீ ஒரு வெள்ளைப் பதுமை, பாவம் உன்னை ஒருபோதும் தீண்டாது என்பது. பீடங்களே வேண்டாம் என்று கத்தி இரண்டு அங்கம்கூட முழுதாக ஆகவில்லை, மனைவியைத் தூக்கி அதன்மேல் வைத்துவிட்டார். மேடையில் இருக்கும் ஒருவருக்கும் இது உறைக்கவில்லை.