பாயா பிரஷ்ஷைத் தொடாத பத்து வருஷம்

அல்ஜீரியா ஓவியர் பாயா பத்தி யார் பதிவு போட்டாலும் ஒரே கதைதான் வருது. பள்ளிக்கூடமே போகாத அநாதைப் பொண்ணு, 16 வயசு நிறையறதுக்குள்ளயே பாரீஸ்ல எக்ஸிபிஷன், பிக்காசோவே அசந்துபோயிட்டார், ஆஹா ஓஹோ. பொய்யில்ல. ஆனா அதுக்கப்புறம் அவங்க 50 வருஷம் வாழ்ந்தாங்கப்பா, அதை ஏன் யாருமே பேசமாட்டேங்குறாங்க?

தெரியாதவங்களுக்காக வேகமா சொல்லிடறேன். 1931ல அல்ஜியர்ஸ் பக்கத்துல பிறந்தவங்க, சொந்தப் பேரு ஃபாத்மா ஹத்தாத். சின்ன வயசுலயே அப்பா அம்மா ரெண்டு பேரும் போயிட்டாங்க, பாட்டிதான் வளர்த்தது, பாட்டிக்கு வெள்ளைக்காரங்க பூந்தோட்டத்துல கூலி வேலை. அங்க வந்துபோன மார்கரித்னு ஒரு பிரெஞ்சு அம்மா இவங்களை அல்ஜியர்ஸுக்குக் கூட்டிட்டுப் போயிடறாங்க. வளர்ப்பு மகள்னு சிலர் எழுதுறாங்க, வேலைக்காரின்னு சிலர். ரெண்டும்தான்னு நான் நினைக்கறேன், வீட்டு வேலையும் பார்த்திருக்காங்க, கலரும் பேப்பரும் அந்த வீட்லதான் கைக்கு வந்திருக்கு. 1947ல எமே மாக்னு ஒரு ஓவிய வியாபாரி தன்னோட பாரீஸ் கேலரியில எக்ஸிபிஷன் வெச்சார், சர்ரியலிசக் கவிஞர் ஆந்த்ரே ப்ரெத்தோன் அதுக்கு முன்னுரை எழுதினார், அடுத்த வருஷம் தெற்கு பிரான்ஸ்ல வலோரிஸ்ங்கற மண்பாண்ட ஊர்ல களிமண் வேலை பண்ணப்போ பக்கத்துல பிக்காசோ. அவரோட 'அல்ஜியர்ஸ் பெண்கள்' வரிசைக்கே இவங்கதான் தூண்டுதல்னு ஒரு கூட்டம் அடிச்சு விடுது, அய்யா, அதுக்கு மூலப்படம் பிரெஞ்சு ஓவியர் தெலாக்ருவா 1834ல வரைஞ்சது!

எனக்கு உறுத்துறது 1953தான். ப்ளிடா ஊர்ல எல் ஹாஜ் மஹ்ஃபூத் மஹியத்தீன்னு ஒரு அந்தலூசிய இசைக்காரருக்கு (பழைய முஸ்லிம் ஸ்பெயின்லருந்து வந்த இசை அது) இவங்களைக் கட்டிக்கொடுத்தாங்க. அவருக்கு இவங்களைவிட ஏறக்குறைய 30 வயசு கூட, ஏற்கனவே ஒரு மனைவி வேற. அடுத்த வருஷமே பிரான்ஸை எதிர்த்து சுதந்திரப் போர் ஆரம்பிச்சிடுது, 62 வரைக்கும் நாடே எரியுது. பிள்ளைங்க ஆறு. இந்தப் பத்து வருஷமும் பிரஷ் பக்கமே போகல. புத்தகங்கள்ல இது ஒரு வரி, "பிறகு 1963இல் மீண்டும் வரையத் தொடங்கினார்", அவ்ளோதான். 22 வயசுலருந்து 32 வயசு வரைக்கும் சார்! ஒரு ஆண் ஓவியர் பத்து வருஷம் சும்மா இருந்திருந்தா அதுக்கே ஒரு ஆராய்ச்சி நடந்திருக்கும்.

63ல அல்ஜியர்ஸ் நுண்கலை மியூசியம் இவங்க பழைய படங்களை வாங்கி மாட்டுது, அதோட இயக்குநர் ழான் த மேஸோன்சூல் திரும்ப வரையச் சொல்லி உற்சாகப்படுத்துறார், இவங்களும் உட்கார்ந்துடறாங்க. போஸ்டர் கலர் மாதிரி கெட்டியா அடிக்குற கவாஷ் கலர், பேப்பர், அவ்ளோதான் சாமான்.

ரெண்டு காலத்துப் படத்தையும் போன்ல பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. பொண்ணுங்க அதே பொண்ணுங்கதான், பக்கவாட்டு முகத்துல மீன் மாதிரி நீளமா ஒரு கறுப்புக் கண்ணு (என் பொண்ணு பார்த்துட்டு "இன்னொரு கண்ணு எங்கம்மா"ன்னா), பாவாடையில ஓடுற டிசைன் அப்படியே மயில் இறக்கையிலயும் ஏறி நிக்கும், எது துணி எது பறவைன்னு பிரிக்க முடியாது. ஆனா பின்னாடி காலத்துப் படங்கள்ல புதுசா ஒண்ணு நுழையுது, வாத்தியங்கள். ஊத் (வீணை மாதிரி மீட்டுற அரபு வாத்தியம்), வயலின்னு பூ ஜாடிக்கும் பழத்துக்கும் நடுவுல, ஜாடியா வாத்தியமான்னு தெரியாத மாதிரி. ப்ளிடா வீட்ல பத்து வருஷமா காதுல விழுந்ததெல்லாம் கண்ணுக்குள்ள போயிருக்கு. அப்போ அந்தப் பத்து வருஷம் வீண் இல்லையேன்னு ஒரு ஃப்ரெண்ட் சொன்னாங்க. என்னால ஒத்துக்க முடியல. கிடைச்சதை வெச்சு அவங்க சமைச்சாங்க, அதுக்காகப் பட்டினி போட்டதை நல்லதுன்னு சொல்லிட முடியுமா?

அப்புறம் சாகுற வரைக்கும் இதேதான் வரைஞ்சாங்க. ஒரே மாதிரி வரையறாங்க, குழந்தைத்தனம்னு குறை சொன்னவங்க உண்டு. 90கள்ல அல்ஜீரியாவுல உள்நாட்டுப் போர், கலைஞர்கள் நிறைய பேர் பிரான்ஸுக்கு ஓடினாங்க, ப்ளிடா சுத்துவட்டாரம்தான் ரொம்ப மோசமா அடிவாங்குன பகுதி. இவங்க ஊரைவிட்டுப் போகல, 1998ல அங்கயேதான் இறந்தாங்க. அந்தக் காலத்துப் படங்கள்லயும் நான் பார்த்தவரைக்கும் ஒரு துப்பாக்கி இல்ல, அதே மயில், அதே பட்டாம்பூச்சி, அதே பொண்ணுங்க.

இன்னொண்ணு, நேத்து ராத்திரிதான் கவனிச்சேன். அவங்க படத்துல ஆம்பளையே கிடையாது. வாத்தியம் இத்தனை இருக்கு, வாசிக்குற அந்த மனுஷனை மட்டும் காணோம்.