யெத்வாப்னே கல்லில் இல்லாத வரி

1967ல் முறிந்த போலந்து-இஸ்ரேல் உறவு 1990ல் புதுப்பிக்கப்பட்டதும், மறு வருடம் போலந்து அதிபர் லெக் வலேசா இஸ்ரேல் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டதும் இரு நாட்டு உறவைப் பற்றிய உங்கள் கட்டுரையில் நன்றாக வந்திருக்கிறது. சரி, ஆனால் போலந்துச் சிற்றூரான யெத்வாப்னேயை ஒரே வரியில் கடந்துவிட்டீர்களே! 1941 ஜூலை 10 அன்று அந்தச் சிற்றூரின் யூதர்களைக் களஞ்சியத்தில் அடைத்து எரித்ததில் அக்கம்பக்கத்துப் போலந்துக்காரர்களுக்கே பங்கு இருந்தது. அரசு விசாரணை சொன்ன கணக்கு, குறைந்தது 340 பேர். கம்யூனிஸ்ட் காலத்து நினைவுக்கல்லோ பழியை மொத்தமாக ஜெர்மானியர்மேல் போட்டிருந்தது.

2001ல், அறுபதாம் ஆண்டு நாளில், அப்போதைய போலந்து அதிபர் க்வாஸ்னியெவ்ஸ்கி அங்கேயே போய் மன்னிப்புக் கேட்டார். ஊர்க்காரர்களில் பெரும்பாலோர் வரவில்லை. பாதிரியாரும் வரவில்லை. புதிய கல்லில் ஜெர்மானியர் பெயரை எடுத்தார்கள். கொன்றது யார் என்று மட்டும் எழுதவில்லை. எனக்கு அந்த மௌனம்தான் உறுத்துகிறது.

அப்புறம் போலந்தின் 2018 சட்டம். நாஜிக் குற்றங்களுக்குப் போலந்து தேசத்தைப் பொறுப்பாக்கிப் பேசினால் மூன்றாண்டு வரை சிறை என்றார்கள். இஸ்ரேலும் அமெரிக்காவும் கொதித்ததும், சில மாதங்களிலேயே சிறைப் பிரிவை நீக்கினார்கள். தூதரகம் திறப்பது சுலபம் சார், யெத்வாப்னேக்காரர் ஒருவர் தன் தாத்தாவைப் பற்றிப் பேசுவதுதான் கஷ்டம்.